‘ஞ’ எழுத்தில் ஒரு முள்

"பட்டப்பகல் கொள்ளைம்மா இது!"

அவர் மேசையைத் தட்டிய தட்டில் பக்கத்து மேசைக்காரியின் தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது.

அந்த வெப்சைட் கம்பெனியில் அவருக்கு எழுத்துராஜா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான். அவர் உருவாக்கி இலவசமாக விட்ட தமிழ் ஃபான்ட்டைத்தான் செய்தித் தளம் முதல் ஆஸ்பத்திரித் தளம் வரை போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், பைசா வேண்டாம். என்ன தாராள மனசு என்று ஆபீஸே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

பக்கத்து மேசைக்காரி கொஞ்சம் கூடுதலாகவே ஆடினாள். போனிலும் கம்ப்யூட்டரிலும் எழுத்து உடையாமல் தெரிகிறதா என்று சோதிப்பது அவள் வேலை.

"என்னண்ணா ஆச்சு?"

"யாரோ ஒரு அம்மா, என் ஃபான்ட்டை எடுத்துக் கொஞ்சம் தடிமனாக்கி, வேற பேர் வச்சு வெளியிட்டிருக்காங்க. கொஞ்சம்கூடக் கூச்சமில்லாம!"

"மாத்திக்கலாம்னு நீங்கதானேண்ணா லைசென்ஸ்ல எழுதியிருக்கீங்க? மாத்தினா வேற பேர்தான் வைக்கணும்னும் அதுலயே இருக்கே."

"மாத்தட்டும், வேண்டாங்கல. ஆனா முதல்ல செஞ்சவன் பேரை எடுக்கக் கூடாது. இலவசமாக் குடுக்கறவன் கேக்கறது அந்த ஒண்ணுதான். இங்க வந்து பாரு. 'பல வருஷமா நான் செதுக்கிட்டு வர்ற எழுத்து'ன்னு போட்டிருக்காங்க. பக்கத்துல என் பேரே காணோம்!"

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தோணியிருக்கலாமேண்ணா?"

"அழகு ஒரே மாதிரி தோணலாம். தப்பு தோணுமா?"

'ஞ' எழுத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். வளைவுக்கு உள்ளே சின்னதாக ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தது.

"வரையறப்போ ஒரு புள்ளி இடம் மாறிடுச்சு. சின்ன அளவுல கண்ணுக்கே தெரியாது. சோம்பேறித்தனத்துல விட்டுட்டேன். இப்ப அந்தம்மாவோட 'ஞ'வைப் பாரு."

அதே இடம். அதே முள்.

அவளுக்கே ரத்தம் கொதித்தது. "இதைச் சும்மா விடக் கூடாதுண்ணா!"

"விடுவேனா? நம்ம தொழில்காரங்க குழுவுல மூவாயிரம் பேர் இருக்காங்க. அங்க போட்டு நாறடிச்சிடறேன். இனிமே அந்தம்மாவுக்கு ஒருத்தனும் வேலை குடுக்க மாட்டான். நான் மட்டும் சொன்னா பொறாமைன்னுடுவாங்க. நீ ரெண்டையும் சோதிச்சு ஒரு அறிக்கை குடு. நாலு மணிக்குப் போட்டுடலாம்."

அவள் வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

எந்தத் தப்பைப் பார்த்தாலும் அது எப்போது நுழைந்தது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது அவள் வழக்கம். இந்த வேலையில் பாதி அதுதான். அந்த அம்மாளின் தளத்தில் பழைய வெளியீடுகளும் தேதியோடு வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக இறக்கினாள்.

போன மாத வெளியீடு. முள் இருந்தது.

அதற்கு முந்தையது. அதிலும் இருந்தது.

கடைசியாக, ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த முதல் வெளியீடு. எழுத்துகள் கொஞ்சம் கோணல்மாணலாக, பழகாத கை வரைந்தது போல இருந்தன. 'ஞ'வைப் பெரிதாக்கினாள்.

முள் அங்கேயும் இருந்தது.

எழுத்துராஜா தன் ஃபான்ட்டை வெளியிட்டு நாலு வருஷம்தான் ஆகிறது. அந்த விழாவுக்குக் கேக் வாங்கி வந்ததே அவள்தான்.

தேதியை மறுபடி பார்த்தாள். மூன்றாம் தடவையும் பார்த்தாள். அப்புறம் அவருடைய ஃபான்ட்டோடு வரும் லைசென்ஸ் பக்கத்தைத் திறந்தாள். உலகத்தில் யாரும் திறக்காத பக்கம் அது. செய்தவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அவருடையது.

இந்த மனுஷனையா நாலு வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகழ்ந்து தள்ளினோம் என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

கடைசியில் அந்த அம்மாளின் புது ஃபான்ட்டோடு வந்த லைசென்ஸ் பக்கத்தையும் திறந்தாள். அதை இரண்டு தடவை படித்தாள்.

"என்னம்மா, மணி நாலாகப் போகுது. அறிக்கை ரெடியா?"

"நான் எழுத வேண்டிய அவசியமே இல்லண்ணா. அவங்களே எழுதி வச்சிருக்காங்க."

"ஒத்துக்கிட்டாங்களா? பாத்தியா, நான் சொல்லல?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். முதலில் பழைய 'ஞ', பக்கத்தில் தேதி. எழுத்துராஜாவின் முகம் வெளுத்தது.

"இதையும் படிச்சிடுங்கண்ணா" என்று அடுத்த பக்கத்தைக் காட்டினாள்.

செய்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். முதலாவதாக இருந்தது அவருடைய பெயர். கீழே சில வரிகள்:

'என் கோணல் எழுத்துகளை எடுத்து நிமிர்த்தி அழகாக்கியவர் இவர். அவர் செய்த திருத்தங்களைத்தான் இந்த வெளியீட்டில் சேர்த்திருக்கிறேன். அதனால் அவர் பெயர் முதலில். அவருடைய ஃபான்ட்டில் என் பெயரைக் காணோமே என்று சிலர் கேட்கிறார்கள். வேலை மும்முரத்தில் மறந்திருப்பார். தயவுசெய்து யாரும் அவரைத் தப்பாகப் பேச வேண்டாம்.'