புழு அரித்த இலை

சடையன் கத்தியால் கீறிய இடத்தில் பிசின் கசிந்தது. முகர்ந்தான். குங்கிலிய வாசனைதான். தேனெடுக்க வருபவர்களைப் பிடித்துக்கொடுக்க வனத்துறை காட்டில் நட்டுவைத்திருக்கும் பொய்மரங்களின் பட்டை அசல் போலவே இருக்கும், ஆனால் பிசின் வராது.

"நிஜ மரந்தான் மச்சான், ஏறு."

அக்காள் புருஷன் நஞ்சன் இடுப்பில் கயிறு கட்டி ஏறினான். வழக்கப்படி மறுநுனி மனைவியின் தம்பியான சடையன் கையில். போன மாதம் பொய்மரம் ஏறிய இருவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

சடையன் காலடியில் கிடந்த இலையொன்றை எடுத்தான். நுனியருகே புழு அரித்த ஓட்டை. நிம்மதியாக இருந்தது, பொய்யிலையைப் புழு தின்னாது. இன்னொன்றை எடுத்தான். அதே இடத்தில் அதே ஓட்டை. மூன்றாவதிலும் அப்படியே.

அப்படியானால் பிசின் கசியும் பொய்மரமும் வந்துவிட்டது. கத்தினால் மரத்துக்குக் கேட்கும். இறங்கச் சொல்லிக் கயிற்றை இரண்டு தடவை இழுத்தான்.

மேலே நஞ்சன் சிரித்தான். "ஏன்டா மாப்ள, அதுக்குள்ள பயந்துட்டியா? ஏழு அடை இருக்குடா! கைய விட்டுப் பார்த்தேன், ஒரு ஈகூடக் கொட்டல!"

பட்டைக்குள் ஏதோ மெல்ல அதிரத் தொடங்கியது. கயிற்றை விட்டுவிட்டு ஓடிவிடலாம். அக்காளை நினைத்து, அதைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.