இரண்டாம் வாசலில் எடுத்த படம்

சத்தம் கேட்டதும் அவர் ஓடினார்.

குண்டு என்றுதான் நினைத்தார். கட்சித் தலைவர் மேடையேறி மைக்கைத் தட்டிய நேரம். இரண்டாம் வாசலில் பெண்கள் வரிசைக்குக் காவல் நின்ற ஏட்டு மாசிலாமணி, இருபத்திரண்டு வருட சர்வீஸ், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வழியில் ஒரு பெண்.

இரண்டு கையாலும் தள்ளினார்.

அவள் விழுந்தாள். அவளுடைய சேலை பூட்ஸில் சிக்கி அவரும் அவள் மேலேயே விழுந்தார். எழுந்து ஓடத்தான் பார்த்தார். சிக்கிய கால் வரவில்லை.

வெடித்தது பலூன்காரரின் கேஸ் சிலிண்டர். நல்லவேளையாக, பக்கத்தில் யாருமில்லை. கூட்டத்தில் ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் மணிக்கட்டு முறிந்திருந்தது.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. கீழே அவள். மேலே, அவளை மூடியபடி அவர்.

'உயிரைப் பணயம் வைத்துக் காத்த காவலர்.'

மகள் அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். மனைவி சுற்றிப் போட்டாள். எஸ்.பி. எழுந்து நின்று கை கொடுத்தார்.

"ஐயா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார் மாசிலாமணி.

"தெரியும்யா. உங்களுக்குப் பெருமை பேச வராது."

சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார்.

பத்தாம் நாள், ஆயுதப்படை மைதானத்தில் பாராட்டு விழா. சால்வை போர்த்த யாரோ பெரிய மனிதர் வருவார் என்று நினைத்திருந்தார். படியேறி வந்தது அந்தப் பெண். பெயர் செண்பகவல்லி என்று மைக்கில் சொன்னார்கள். இடது கையில் மாவுக்கட்டு.

கைத்தட்டல் ஓயவேயில்லை.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாவுக்கட்டைப் பார்த்தார். அதில் ஒரு குழந்தை ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்திருந்தது.

கிட்டே வந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"தள்ளினது நீங்கதான்னு எனக்குத் தெரியும் சார். நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது.

முன்வரிசையில் மகள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"சார், கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோக்காரர்.

செண்பகவல்லி வலது கையால் சால்வையை அவர் தோளில் வைத்தாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. மறுமுனை தரையைத் தொட்டுத் தொங்கியது.

அவரே குனிந்து அதை எடுத்தார்.

அவரே போர்த்திக்கொண்டார்.