கேட்கத் தொடங்கிய ஞாயிறு

இந்திராணிக்குக் காது மந்தமான பிறகும் தங்கை சுகந்தா ஞாயிறுதோறும் போனில் பேசுவாள். ஒன்றும் காதில் விழாமலே இந்திராணி "நல்லது, நல்லது" என்பாள். சத்தத்தைக் கூட்டித் தரும் கார்ட்லெஸ் போனை மகன் வாங்கித் தந்த பிறகு வந்த முதல் ஞாயிறு, தங்கையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அவரு நேத்தும் அடிச்சிட்டாருக்கா. கை வீங்கிக் கெடக்கு."

"என்னடி சொல்ற? எத்தன நாளா இது?" என்று பதறினாள் இந்திராணி.

சுகந்தா திடுக்கிட்டாள். "உனக்குக் கேக்குதாக்கா?"

"நல்லாக் கேக்குது. புதுப் போனு. சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அதற்குமேல் எவ்வளவு கெஞ்சியும் அவள் வாய் திறக்கவில்லை. இந்திராணி ஒலியை முழுவதுமாகக் கூட்டினாள். தங்கை அழுகையை அடக்கிக்கொள்வது மட்டும் துல்லியமாகக் கேட்டது.