பத்துக்குப் பத்து

கல்யாணத் தரகர் உத்தமன் தன் பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, மேனாம்பேட்டில் இருக்கும் தமிழரசுவின் சர்வீஸ் கடைக்கு வந்து இறங்கினார்.

"இத விக்கப் போறேன் தம்பி. உள்ள கீறதெல்லாம் அழிச்சுடு. எவனும் தோண்டி எடுக்கக் கூடாது."

தமிழரசு பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினான். "சும்மா டெலீட் பண்ணா திருப்பி எடுத்துடுவாங்கண்ணே. இது ஹார்டு டிஸ்க் முழுக்க மூணு ரவுண்டு கிறுக்கி அழிச்சுடும்."

திரையில் நூறு சதவீதம் என்று வரும்வரை உத்தமன் ஸ்டூலை விட்டு எழவில்லை.

தமிழரசு காசு வாங்க மறுத்துவிட்டான். பத்துக்குப் பத்துப் பொருத்தத்தோடு அவனுக்கு மனைவியாகக் கலைவாணியைத் தேடிக் கொடுத்தவர் ஆயிற்றே! அவள் கரண்டியைத் தூக்கும்போதெல்லாம், பீரோவில் இருக்கும் அந்தப் பொருத்தத் தாளைப் பார்த்துத்தான் அவன் மனதைத் தேற்றிக்கொள்வான்.

"நெசமாவே எடுக்க முடியாதே தம்பி?"

"நானே தலைகீழா நின்னாலும் முடியாதுண்ணே. அப்படி இன்னாதான் வெச்சிருந்தீங்க?"

உத்தமன் நிம்மதியாக மூச்சு விட்டார். "எல்லா ஊட்டுக்காரங்களும் குடுத்த அசல் ஜாதகம்தான். பொருந்தாததுக்கெல்லாம் பொறந்த நேரத்த லேசா மாத்தி, பொருந்துற மாதிரி பிரிண்டு போட்டுக் குடுத்துட்டேன். வெளிய தெரிஞ்சா என் பொழப்பு இன்னாவறது?"

தமிழரசுவுக்குக் குப்பென்று வியர்த்தது. "அண்ணே... அப்போ எனக்கும் கலைவாணிக்கும் அசல்ல எத்தினி பொருத்தம்?"

உத்தமன் தலையைச் சொறிந்தார்.

"அதெல்லாம் ஞாபகத்துல நிக்குமா தம்பி? அதுக்குத்தானே கம்ப்யூட்டர் வெச்சிருந்தேன்!"