மாமி பார்க்கக் கூடாத படம்

“டிவியில போடண்டாம் மக்கா. உள்ள இருக்குத டிஸ்க்க மட்டும் எடுத்துத் தா, போதும்” என்றார் இஸ்ரவேல், குரலைத் தாழ்த்தி.

டிவிடி பிளேயரைப் போர்வையில் சுற்றி, திருட்டுக் கோழியைக் கொண்டுவருகிறவர் மாதிரிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஸ்டெனிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மணவாளக்குறிச்சியில் அவன் ரிப்பேர் கடையோடு சினிமா டிஸ்க்கும் வாடகைக்கு விட ஆரம்பித்தபோது, ‘ஊர்ப் பிள்ளைகளைக் கெடுக்கிறான்’ என்று சபைக் கமிட்டியில் எழுந்து நின்று முழங்கிய மனிதர் இவர்தான்.

“போட்டுப் பாத்தாத்தானே மாமா கோளாறு என்னன்னு தெரியும்?”

“கோளாறு ஒண்ணும் இல்லடே. நேத்து பாத்துக்கிட்டு இருக்கும்போ கரண்டு போச்சு. கரண்டு ஆபீசுக்கு ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்து பாத்தா, தட்டு வெளிய வரமாட்டேங்கு.”

“மாமி வீட்ல இல்லையோ?”

“அவ கோயிலுக்குப் போன நேரம் பாத்துத்தான்…” என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். “அவ கண்ணுல இது படப்பிடாது மக்கா. நெஞ்சு ஆபரேஷன் கழிஞ்சு இப்பத்தான் எழும்பி நடக்கா. இதப் பாத்தான்னா உசிர விட்டுருவா.”

ஸ்டெனிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தச் சுற்று வட்டாரத்தில் டிவிடி பிளேயர் இன்னும் புதுப்பெண் மாதிரி. வந்த வீட்டுக்கு அக்கம்பக்கமெல்லாம் பார்க்கப் போகும். மகன் ஷிஜின் குவைத்திலிருந்து ஆசையாக அனுப்பியதில், பெண்டாட்டி அசந்த நேரம் பார்த்து இவர் என்ன படம் பார்த்திருப்பார் என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சாமியார் மடத்துப் பூனை!

“இந்த வயசிலயா மாமா?” என்று கண்ணைச் சிமிட்டினான்.

இஸ்ரவேலின் கண் பிளேயரை விட்டு அசையவே இல்லை.

மேல்மூடியைக் கழற்றி, தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான். அசையவில்லை. “இந்தச் சவம் நல்லா மாட்டிக்கிட்டு மாமா.”

“சவம்னு சொல்லாதடே!”

ஸ்டெனி திடுக்கிட்டுப் போனான். இந்தப் பக்கத்தில் நாலு வார்த்தை பேசினால் அதில் ஒரு சவம் வந்துவிடும். அதற்குப் போய் யாராவது கோபிப்பார்களா? தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி நெம்பினான்.

டிஸ்க் கையோடு வந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. ராகேல் மாமி. படி ஏறிய களைப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லாம எடுத்துட்டு வந்துட்டிய. பிளேயருக்கு என்ன ஆச்சு?”

இஸ்ரவேலின் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டெனியின் மணிக்கட்டை மேசைக்கு அடியில் இறுகப் பிடித்தார். சபையில் முழங்கிய ஆளா இது என்று ஸ்டெனிக்கே பாவமாகிவிட்டது.

“தூசி மாமி. வேற ஒண்ணும் இல்ல” என்றபடி டிஸ்க்கைத் துடைக்கும் துணிக்குள் மறைத்து அவர் பக்கம் தள்ளினான். அட்டைப் படமோ பேரோ எதுவும் இல்லாத வெள்ளை டிஸ்க். கள்ள டிஸ்க்கேதான், சந்தேகமே வேண்டாம்.

இஸ்ரவேல் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, “ஆட்டோ விளிச்சிட்டு வாறேன். நீ நடக்கண்டாம்” என்று மாமியிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவர் ரோட்டைக் கடக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்த மாமி, மேசைப் பக்கம் குனிந்தாள். “டிஸ்க்க அவியகிட்ட குடுத்துட்டியா மக்கா?”

ஸ்டெனி துடைக்கும் துணியை மடிக்க ஆரம்பித்தான். “எந்த டிஸ்க் மாமி?”

“எனக்க மோன குவைத்துல அடக்கம் பண்ணினத எடுத்த டிஸ்க்கு.”

ஸ்டெனிக்குக் கேட்டது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், கண்ணைச் சிமிட்டிய தன்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

“நான் ஆபரேஷனுக்குக் கிடந்த நேரமாக்கும் அவன் போனது, படத்துல தேதி கிடந்துச்சு. நான் தாங்கமாட்டேன்னு சொல்லி, இஞ்ச கொண்டு வராம அங்கயே அடக்கச் சொல்லிட்டாவ. எங்கிட்டயும் ஊர்லயும் மூச்சு விடல. கூட வேல பாத்த பையன் லீவுல வந்தப்போ இதக் கொண்டு குடுத்திருப்பான் போல.” மாமிக்கு மூச்சு வாங்கியது. “நேத்து அவிய கரண்டு ஆபீசுக்குப் போன நேரம் நான் கோயில்ல இருந்து வந்துட்டேன். கரண்டு வந்ததும் அது தானா ஓடிச்சு மக்கா. அவிய வருமுன்ன அணைச்சிட்டு, திரும்பவும் கோயிலுக்கே போயிட்டேன்.”

ஸ்டெனி ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. “ராகேலே, பைய வா” என்று இஸ்ரவேல் கூப்பிட்டார்.

மாமி சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். படியில் கால் வைக்கும் முன் திரும்பிப் பார்த்தாள்.

“நான் பாத்தது அவியளுக்குத் தெரியண்டாம் மக்கா… தாங்கமாட்டாவ.”