வலிச்சா சொல்லுங்க மாமா

“வலிச்சா சொல்லுங்க மாமா” என்று வாத்துக் குரலில் சொல்லிவிட்டு, டயர் கடைக்காரன் மூன்றாவது குத்தை விட்டான். சவுண்ட் இன்ஜினியரின் முன்பல் ஒன்று தெறித்து, பொத்தான்கள் நிறைந்த மேஜையில் விழுந்தது.

பின்னால் நின்ற பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். எல்லார் சட்டையிலும் அதே குண்டு வாத்து, ஒற்றைக் காலில் நின்று மறுகாலை ஓங்கிக்கொண்டிருந்தது. கார்ட்டூன் வாத்துக்கு மீசை முளைத்த ஆம்பளைகள் ரசிகர் மன்றம் வைப்பார்களா என்று கேட்கக் கூடாது. வைத்திருந்தார்கள். டயர் கடைக்காரன்தான் தலைவன்.

படத்தின் முதல் பாகத்தில் அந்த வாத்து யாரை உதைப்பதற்கு முன்னாலும் இப்படிப் பணிவாகக் கேட்டுவிட்டுத்தான் உதைக்கும். தியேட்டரே சிரித்து உருளும். ஏழு வருஷம் காத்திருந்து இன்று காலை இரண்டாம் பாகத்துக்கு முதல் காட்சி போனால், வாத்து வாயைத் திறந்ததும் வேறு எவனோ பேசினான்.

பாதிப் படத்தில் நாற்காலிகள் பறந்தன. திரை கிழிந்தது, டிக்கெட் கிழிக்கிறவரின் மண்டையும் உடைந்தது. அதே சூட்டோடு, படத்துக்குக் குரல் பதிவு செய்த இந்த ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார்கள்.

“பழைய ஆளு எங்கய்யா?”

“தெரியாது தம்பி.”

“ரெண்டு படத்துக்கும் நீதான் சவுண்டுன்னு டைட்டில்ல போட்டிருக்கு. உனக்குத் தெரியாதா? வயசாயிடுச்சுன்னு துரத்திட்டீங்க, அதானே?”

இன்ஜினியர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். டயர் கடைக்காரனின் தோளுக்கு மேலாகக் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஓடுவதற்கு வழி பார்க்கிறான் என்று இவன் நினைத்தான்.

கதவருகில் அழுமூஞ்சி நின்றுகொண்டிருந்தார். இந்த வெயிலிலும் கழுத்துவரை பட்டன் போட்ட பெரியவர். தியேட்டரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வாத்து பேச ஆரம்பித்ததும் பொலபொலவென்று கண்ணீர் விட்டார். ‘இவரு நம்ம ஆளு’ என்று டயர் கடைக்காரன்தான் அழுமூஞ்சி எனப் பெயரும் வைத்து, கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தான்.

வந்தவரும் லேசுப்பட்டவரில்லை. ஸ்டூடியோவின் கனத்த கதவை எல்லாரும் தோளால் இடித்துக்கொண்டிருக்க, அவர் புகுந்து கைப்பிடியை மேலே தூக்கி இழுத்தார். கதவு சட்டென்று திறந்துகொண்டது. ஆள் பழைய திருடனோ என்றுகூடத் தோன்றியது. முதல் ஆளாக உள்ளே ஓடியவரையும் மற்றவர்கள் பின்னால் தள்ளிவிட்டிருந்தார்கள்.

டயர் கடைக்காரன் இன்ஜினியரின் கையை மேஜைமேல் விரித்து அழுத்தினான். மறுகையில் வீல் ஸ்பேனர்.

“எம்பொண்ணு ஆறு மாசமா ஆஸ்பத்திரியில கிடக்கிறா. அந்தக் குரலைப் போட்டாத்தான் ஊசிக்குக் கையை நீட்டுவா. நாளைக்கு ஆபரேஷன். புதுப் படத்துல வாத்து என்னப்பா பேசுச்சுன்னு கேப்பா. நான் என்னய்யா சொல்றது?” அவன் குரல் உடைந்தது. அது அவனுக்கே பிடிக்கவில்லை. “அவரைக் கூப்பிடு. அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசட்டும், போயிடறேன். வேற எவனையாவது காட்டி ஏமாத்தலாம்னு பாக்காதே. முகம் தெரியாட்டி என்ன, அவர் இருமினாக்கூட நான் கண்டுபிடிச்சிடுவேன்.”

“அவர் வரமாட்டார் தம்பி.”

ஸ்பேனர் இறங்கியது. சுண்டுவிரல் முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. இன்ஜினியரின் அலறல் அந்த நான்கு சுவரைத் தாண்டவில்லை. சத்தம் வெளியே போகாதபடி கட்டிய அறை அது.

“இன்னும் ஒன்பது விரல் இருக்கு. எங்கே அவரு?”

மறுபடி ஓங்கினான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த அழுமூஞ்சி இன்ஜினியர்மேல் குப்புற விழுந்தார். அடி அவர் தோளில் இறங்கியது. எலும்பு நொறுங்கியிருக்க வேண்டும். ஆனால் மனிதர் முனகக்கூட இல்லை.

“அண்ணே, நகருங்க. யாரு பக்கம் நிக்கிறீங்க நீங்க?”

அவர் நகரவில்லை. இன்ஜினியரை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“கம்பெனி ஆளுடா இவன்” என்று எவனோ பின்னாலிருந்து சொன்னதுதான் தாமதம், இழுத்துத் தரையில் போட்டு மிதிக்க ஆரம்பித்தார்கள். விலாவில் ஒருவன், வயிற்றில் ஒருவன். அழுகிறவனை நம்பி மோசம்போன ஆத்திரத்தில் டயர் கடைக்காரன் முகத்திலேயே உதைத்தான்.

“வாயைத் திறந்து சொல்லுடா, யாரு நீ?”

வாய் திறந்தது. ரத்தம் வந்தது, பேச்சு வரவில்லை.

“திமிரைப் பாரு. வலிச்சா சொல்லுங்க மாமா” என்று வாத்துக் குரலில் சிரித்துக்கொண்டே, சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான். பட்டன்கள் தெறித்தன. உள்ளே கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணியும் கையோடு வந்துவிட்டது.

தொண்டைக்குழியில் ஒரு ஓட்டை, ஆபரேஷனில் போட்டது. விரல் நுழைகிற அளவு. அவர் மூச்சு வாங்க வாங்க, அதன் வழியாகக் காற்று உஸ் உஸ்ஸென்று போய் வந்தது. ஓங்கிய கால்கள் அப்படியே நின்றன.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர் வாங்கிய சத்தியத்தை, ஒரு பல்லையும் ஒரு விரலையும் கொடுத்துக் காப்பாற்றிய இன்ஜினியர் இப்போதுதான் உடைந்து அழுதார். தவழ்ந்து வந்து, விரல் முறிந்த கையாலேயே அந்தத் துணியைப் பிடுங்கி, ஓட்டை மறையும்படி மூச்சு முட்டாமல் தளர்வாகப் போர்த்தினார்.

“வலிச்சாலும் அவரால சொல்ல முடியாதுடா. உங்க வாத்தே அவருதான்.”