சேவல் களத்து மாணவன்

"கேமராவைப் போடு, ஜெர்விக். இல்லேன்னா இந்தப் பாடத்துல நீ ஃபெயில்தான்."

பேராசிரியை ரெமெடியோஸுக்குப் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. ஆன்லைன் வகுப்புத் திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். ஒன்றிலும் முகமில்லை. கடலையும் புயலையும் பற்றி ஒரு பருவம் முழுக்க இந்தக் கட்டங்களிடம்தான் தொண்டை வறளப் பேசியிருக்கிறார்.

"சுவத்துக்கிட்ட பேசினாலாவது எதிரொலி வரும்" என்று கணவர் நெஸ்தோர் காப்பியும் கையுமாக வந்து தினமும் சீண்டுவார். அவரோடு சண்டை போடவும் முடியாது. சொல்வது உண்மைதானே.

அதிலும் இந்த ஜெர்விக், சமார் தீவில் ஏதோ ஒரு மீனவக் கிராமத்துப் பையன். நடுவகுப்பில், "மேம், இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க. லேசான வார்த்தையில சொல்லுங்க" என்பான். மூன்றாம் வருடம் படிக்கிறவன் கேட்கிற கேள்வியா? மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். போன மாதப் புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் ஆளையே காணவில்லை. நேற்று மைக்கை அணைக்க மறந்துவிட்டான் போல. சேவல் கூவுகிற சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இப்போ எங்க இருக்கே? உண்மையைச் சொல்லு."

"மேட்டு மேல இருக்கிற சேவல் களத்துல, மேம்."

பக்கத்தில் நின்ற நெஸ்தோர் காப்பி புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

"வகுப்பு நேரத்துல சேவல் பந்தயமா?"

"பந்தயம் இல்ல, மேம். இங்கதான் சிக்னல் வரும். கேமரா போட்டா டேட்டா தீந்துடும்."

"தீரட்டும். ஒரு நிமிஷம் போதும்."

"பார்த்தா கோவிப்பீங்க, மேம். விதியை மீறிட்டேன்."

"போடுன்னா போடு."

கறுப்புக் கட்டம் வெளுத்தது. ஒல்லியாக ஒரு பையன். அவனுக்குப் பின்னால், மணல் களத்தைச் சுற்றி அடுக்கடுக்காக ஏறிப்போகும் மரப் பலகைகள். ஓர் இடம்கூடக் காலியில்லை. மடியில் வலையோடு ஆண்கள், குழந்தைகளோடு பெண்கள், அக்குளில் சேவலை இடுக்கிய கிழவர்கள். அத்தனை பேரும் ரெமெடியோஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஸ்தோர் காப்பியைக் கீழே வைத்தார்.

"வெளியாளுங்களைச் சேக்கக் கூடாதுன்னு தெரியும், மேம்" என்றான் ஜெர்விக். "முதல்ல எங்கம்மா மட்டும்தான் பக்கத்துல உக்காந்து கேட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்துட்டாங்க. அவங்களுக்காகத்தான் மெதுவா சொல்லச் சொன்னேன்."

மேல் வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"பையன் மேல கோவப்படாதீங்க, மேம். புயல்ல கடல் திடீர்னு உள்வாங்கினா மீன் பொறுக்கப் போகாதீங்க, மேட்டுக்கு ஓடுங்கன்னு ஒருநாள் சொன்னீங்க. போன மாசம் உள்வாங்குச்சு. எல்லாரும் இங்க ஓடி வந்துட்டோம். ஊர்ல இப்ப ஒரு வீடுகூட நிக்கல, மேம். ஆனா ஆளுங்க இதோ, ஒருத்தர்கூடக் குறையாம வகுப்புக்கு வந்திருக்கோம்."